‘நமனை அஞ்சோம்’ என்று பாடி வளர்ந்தோம். அந்த அறையில் எந்தச் சொல் துணைக்கு வந்தது?

பாதிரிப்பூ (இழையைத் தொடங்கியவர்)

அப்பா இறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் எங்களுக்குச் சைக்கிள் தூரம். அப்பா என்னை முன்கம்பியில் உட்காரவைத்து அங்கே அழைத்துப் போவார். ‘கற்றுணைப் பூட்டியோர் கடலில் பாய்ச்சினும்’ அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாட்டு. ‘நாமார்க்கும் குடியல்லோம் நமனை யஞ்சோம்’ இரண்டாவது. பள்ளியில் சேர்ந்த பிறகு பாரதியின் ‘காலா, உனை நான் சிறு புல்லென மதிக்கிறேன்’. பேச்சுப் போட்டிகளில் காலைத் தரையில் உதைத்து அதைச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

ஈரலில் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்றார்கள். பதினொரு இரவுகள் அவர் கட்டிலருகே இருந்தேன். கடைசி இரவு மூன்று மணி இருக்கும். மூச்சு ஏறி, இறங்கி, நின்றுவிடும். பிறகு எங்கிருந்தோ ஒரு மூச்சு வரும். தேவாரப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். கண் எழுத்தைப் பார்க்கிறது, வாயிலிருந்து குரல் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு மூச்சுக்கு இடையே எண்ணத் தொடங்கினேன். ஒன்பது, பதினொன்று, பதினான்கு. இருபது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதைத் தவிர என் மனத்தில் எதுவுமே இல்லை. அவ்வளவு பயம். வாழ்நாள் முழுக்கப் படித்ததில் ஒரு வரிகூட அந்த அறைக்குள் வரவில்லை.

மறுநாள் பெண்கள் தெருமுனைவரைதான் வரலாம் என்றார்கள். வண்டி போன தடத்தில் சாமந்தியும் பொரியும் கிடந்தன. ஆடு ஒன்று வந்து பூவைத் தின்றது. அதை விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் அந்த நேரம் வந்தபோது எது உதவியது? இலக்கியம் உதவியதா? உதவவில்லை என்றால் பிறகு அது எதற்கு?


முத்தியால்பேட்டை ஆசிரியர்

மகளே, நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன். உன் கேள்வி என்னையும் சேர்த்துக் குற்றம் சாட்டுகிறது. சரியாகத்தான் சாட்டுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘நாமார்க்கும் குடியல்லோம்’ நோயாளியின் கட்டிலருகே பாடப்பட்ட பாட்டு அன்று. பல்லவ மன்னன் ஆளனுப்பி அழைத்தபோது, வர முடியாது என்று அப்பர் சொன்ன பதில் அது என்பார் சேக்கிழார். அந்தப் பாட்டில் அரசனை அஞ்சாததும் நமனை அஞ்சாததும் ஒன்றாக நிற்கின்றன. பாரதியின் ‘காலா’வும் தன் சாவை நோக்கி ஒருவன் விடும் அறைகூவல். தன் சாவுக்கு அஞ்சாதிருக்க இவை கற்றுக்கொடுக்கும். தகப்பன் சாவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிற மகளுக்கு இவை எழுதப்படவில்லை. தவறான பெட்டியைத் திறந்துவிட்டாய், அவ்வளவுதான். அதைத் திறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

வேறு பெட்டி உண்டு. புறநானூறு 256. பாடியவர் பெயர்கூடத் தெரியாது. கணவனை இழந்தவள் குயவனிடம் போய்க் கேட்கிறாள்: ‘அச்சுடைச் சாகாட்டு ஆரம் பொருந்திய சிறுவெண் பல்லி போலத் தன்னொடு சுரம்பல வந்த எமக்கும் அருளி’ இறந்தவரை வைத்துப் புதைக்கும் ஈமத்தாழியை, எனக்கும் இடமிருக்கும்படி அகலமாகச் செய்துகொடு என்கிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு, வண்டி போன இடமெல்லாம் போன ஒரு வெள்ளைப் பல்லி. தன் வாழ்க்கையை அவள் அப்படித்தான் பார்க்கிறாள். இதில் வீரம் இல்லை, தத்துவம் இல்லை. பானை செய்பவனிடம் அளவு சொல்கிறாள்.

எங்கள் புதுச்சேரியைச் சுற்றி இந்தத் தாழிகள் கற்பனை அல்ல. அரிக்கமேட்டில் அகழ்ந்த பிரெஞ்சுக்காரர் கசால், 1940களின் கடைசியில் சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் ஈமக்காடுகளைத் தோண்டினார். தாழிகளும் சுடுமண் பேழைகளும் கிடைத்தன. மாணவர்களுக்கு இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம், யாரோ ஒருவர் அந்த அளவைக் குயவனிடம் சொல்லியிருப்பார் அல்லவா என்று கேட்பேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

இன்னொன்று, அதியமான் இறந்தபோது ஔவை பாடியது, 235. ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.’ கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் குடித்து மகிழ்வான். ‘நரந்தம் நாறும் தன்கையால் புலவு நாறும் என்தலை தைவரும் மன்னே.’ மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு ‘மன்’ வருகிறது. அந்த இடைச்சொல்லுக்கு இங்கே கழிவுப்பொருள். அது கழிந்தது, இனி இல்லை என்று பொருள். மாண்டவனின் பெருமையை அவள் பேசத் தொடங்கும் இடமே கள்ளும் சோறும் தலையைத் தடவிய கையும்தான். இதைத் தேர்வில் இலக்கணக் குறிப்பு வரைக என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.


உப்பனாறு

நானும் எண்ணினேன், அக்கா. அம்மாவுக்கு. பதினேழுவரை போனது. வேறு யாரும் எண்ணியிருப்பார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.


இரவுப்பணி

புதுச்சேரியில் செவிலியாக இருக்கிறேன். நோய் தீர்க்க முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை. இலக்கியம் அதிகம் படித்ததில்லை. ஆனால் நீங்கள் எண்ணிய அந்த மூச்சைப் பற்றிச் சொல்ல முடியும். யாராவது முன்பே சொல்லியிருந்தால் உங்கள் பயத்தில் பாதி குறைந்திருக்கும்.

ஏறி, இறங்கி, நின்று, மறுபடியும் வரும் அந்த மூச்சு, மூளை மூச்சைக் கட்டுப்படுத்தும் சக்தி தளர்வதால் வருவது. பார்ப்பவருக்குத் திணறல்போலத் தெரியும். நினைவு மங்கிவிட்ட நிலையில் அவருக்குப் பெரும்பாலும் அந்த வேதனை தெரிவதில்லை. தொண்டையில் கேட்கும் கரகரப்பு, விழுங்க முடியாத எச்சில் தேங்குவது. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். கை கால் சில்லிட்டு, தோல் திட்டுத்திட்டாக நிறம் மாறும். இவை எல்லாம் உடம்பு தன் வேலையை ஒவ்வொன்றாக நிறுத்துவதன் அடையாளங்கள். நீங்கள் எதையும் கவனிக்கத் தவறியதால் வருபவை அல்ல.

இன்னொன்றை இங்கே எல்லாரும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். உறவினர் ஒவ்வொருவராக வந்து கரண்டியால் பால் ஊற்றுவார்கள். கங்கை நீர் ஊற்றுவார்கள். அன்பினால்தான். ஆனால் விழுங்கும் சக்தி போன பிறகு ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். கடைசி நாட்களில் பசி அற்றுப்போவது இயற்கை. சாப்பிடாததால் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் ஒற்றினால் போதும். எல்லாரும் தங்கள் கையால் செய்த நிறைவும் கிடைக்கும், அவருக்கும் வாய் உலராது. எங்கள் பிரிவில் பாட்டிகளுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். படித்தவர்கள்தான் குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று மன்றாடுவார்கள்.

வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலி தணிக்கும் ‘மார்பின்’ மருந்து என்றாலே போதை என்று அஞ்சிக் கொடுக்காமல் விடுகிறார்கள். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளிலேயே அது கிடைப்பது அரிதாக இருந்தது. 2014இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. கேளுங்கள். உங்கள் ஆட்களுக்காக வாய்விட்டுக் கேளுங்கள்.

கேட்கும் திறன் நினைவு தப்பிய பிறகும் இருக்கக்கூடும். அதனால் அறையில் சொத்துப் பேச்சுப் பேசாதீர்கள்.


மட்டுறுத்துநர்

மருந்தின் அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அதை மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி தொடரலாம்.


புணை

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை.

இலக்கியம் அழுகைக்குத் துணையாக இருந்தால் போதுமா? ‘சாதலும் புதுவது அன்றே’ என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே பூங்குன்றனார் சொல்லிவிட்டார். ஆற்றுநீர் போகும் வழியில் புணை, அதாவது தெப்பம், போவதுபோல உயிர் முறைவழிப் போகும். ‘நெருநல் உளனொருவன் இன்றில்லை’ என்று குறள் இருக்கிறது. முட்டை தனித்துக் கிடக்கப் பறவை பறந்துபோவதுபோல என்று அடுத்த இரண்டாவது குறள். இவற்றை முன்பே மனத்தில் ஊற வைத்திருந்தால் கடைசி நேரத்தில் குரல் நடுங்காது. நமக்கு வேண்டியது தெளிவு. மேல்நாட்டில்கூட மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகள் சொல்கிறார்கள். ஏற்பில் போய் முடிய வேண்டும். மார்பில் அடித்துக்கொள்வதில் நின்றுவிடக் கூடாது.


இரவுப்பணி

ஐயா, அந்த ஐந்து நிலைகளை எங்கள் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். எலிசபெத் கியூப்லர்-ராஸ் 1969இல் அதை எழுதியது, சாகப்போகிறோம் என்று அறிந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால்தான் அதை இழந்தவர்கள்மீதும் ஏற்றினார்கள். படிக்கட்டுபோல வரிசையாக ஏறி ஏற்பில் நிற்கிற எவரையும் நான் கண்டதில்லை. காலையில் ஏற்றுக்கொண்டவர் மாலையில், அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாமா என்று கேட்பார்.


முத்தியால்பேட்டை ஆசிரியர்

புணை அவர்களே, புறநானூற்றில் பூங்குன்றனாருக்கு இரண்டு பாட்டு தள்ளி 194ஆம் பாட்டையும் படியுங்கள். ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், ஒருத்தி கண்ணீர் வடிக்கிறாள். இதைப் பார்த்த பக்குடுக்கை நன்கணியார் என்ன சொல்கிறார்? ‘படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்.’ இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று ஏசுகிறார். ஏசிய பிறகுதான் இதன் இயல்பு உணர்ந்தவர்கள் இனியதைக் காணுங்கள் என்கிறார். கோபப்படாமல் தெளிவுக்குப் போகும் குறுக்குவழி எதையும் நம் புலவர்கள் காட்டவில்லை.


சிங்காரத்தோப்பு வாசகன்

எங்கள் ஊரில் பிறந்த புதுமைப்பித்தனை யாரும் சொல்லவில்லையே. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர். ‘செல்லம்மாள்’ கதையின் தொடக்கத்திலேயே அவள் இறந்துவிடுகிறாள். ‘பெயரற்ற வெற்றுடம்பு’ ஆனாள் என்று எழுதுகிறார். திருமூலர் ‘பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு’ என்கிறார் அல்லவா? அதே இடம்தான். எங்கள் தாத்தா போன அன்று ஒன்றைக் கவனித்தேன். காலை ஆறு மணிவரை தாத்தா. ஆறரைக்கு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். யாரை என்று யாரும் சொல்லவில்லை. பெயர் உண்மையிலேயே போய்விட்டது.


தேவனாம்பட்டினம்

நான் அதிகம் எழுதுபவன் அல்ல. இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2004 டிசம்பர் 26. எனக்கு அப்போது பதினான்கு வயது. அம்மா கரையில் மீன் கூடைக்குப் போயிருந்தார். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அம்மா கிடைக்கவேயில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து மூச்சை எண்ணக் கிடைத்தவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. தவறாக நினைக்க வேண்டாம். எங்களுக்குக் கட்டில் இல்லை, மூச்சு இல்லை, உடம்பும் இல்லை. பெயர் தெரியாத உடல்களைப் பெரிய குழியில் சேர்த்துப் புதைத்தார்கள். அவற்றில் அம்மா இருந்தாரா, கடலோடு போனாரா என்று இன்றுவரை தெரியாது. பதினாறாம் நாள் காரியம் செய்யலாமா, திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்பா மூன்று மாதம் செய்யவிடவில்லை.

படத்திறப்புக்குப் படம் இல்லை. வீட்டோடு எல்லாம் போய்விட்டது. சிதம்பரத்தில் சித்தி மகள் கல்யாண ஆல்பத்தில் தேடினோம். ஒரு படத்தின் ஓரத்தில் அம்மா. தாம்பாளம் ஒரு கையில், இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். அதைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். பாதி முகம் கைக்குப் பின்னால். சாமி படத்துக்குப் பக்கத்தில் இருபது வருடமாக எங்கள் அம்மா வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருக்கிறார். எதற்காகச் சிரித்தார் என்று அந்தக் கல்யாணத்துக்கு வந்த எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். யாருக்கும் நினைவில்லை.

ஒவ்வொரு வருடமும் அன்று காலையில் எங்கள் ஊரே கரைக்குப் போய்க் கடலில் பால் ஊற்றுகிறது. கடல்தான் கொண்டுபோனது, கடலுக்கே பாலா என்று வெளியூர் ஆள் ஒருவர் கேட்டார். அம்மா அங்கேதான் இருக்கிறார், வேறெங்கே ஊற்றுவது?

எனக்குத் தெளிவு வேண்டாம் ஐயா. அந்தச் சிரிப்பின் காரணம் தெரிந்தால் போதும்.


புணை

தேவனாம்பட்டினம் தம்பி, உங்களிடம் வாதாட எனக்கு ஒன்றுமில்லை.


தருமச்சாலை

ஆறு நாளாக இந்த இழையைப் படிக்கிறேன். வடலூர்ப் பக்கம்தான் எங்கள் ஊர். ‘மரணமிலாப் பெருவாழ்வு’ பேசிய வள்ளலார் மண்ணில் இருந்துகொண்டு நாங்களும் ஆண்டுக்கு நாலு சாவு எடுக்கிறோம். 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் போனதை எப்படிப் புரிந்துகொள்வது என்பது தனி விவாதம், இங்கே வேண்டாம்.

சொல்ல வந்தது வேறு. 1871இல் அவர் அன்பர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதினார், ‘சமாதி வற்புறுத்தல்’ என்று. இறந்தவரைச் சுடாமல் புதையுங்கள், கருமக் காரியங்கள் வேண்டாம், கணவன் இறந்தால் மனைவி தாலியைக் கழற்ற வேண்டாம் என்று அதில் சொல்கிறார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு!

என் அப்பா இறந்த பதினாறாம் நாள் விடியலில், அம்மாவைக் கொல்லைப்புறம் அழைத்துப்போகச் சொந்தக்காரப் பெண்கள் நான்கு பேர் வந்து நின்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய என் பாட்டி, இறந்தவரைப் பெற்றவள், எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். என்னை அழைத்து அந்தத் தாளைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். ‘இதுக்குமேல் யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்டாள். யாரும் பேசவில்லை. அம்மா இன்றும் தாலியோடு இருக்கிறார்.

இலக்கியம் எதற்கு என்று கேட்டீர்கள், சகோதரி. எங்கள் வீட்டில் அது ஒரு கழுத்தைக் காப்பாற்றியது.


கண்மணி

கண் தானம் பற்றி யாரும் எழுதவில்லை. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். என் கணவருடையதைக் கொடுத்தோம். அழுதுகொண்டிருந்தபோது செய்ய ஒரு வேலை இருந்தது.


புணை

நான் இன்னும் பூங்குன்றனாரோடுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு வாதாடியதுபோல உறுத்துகிறது.

எங்கள் ஊர் பண்ருட்டிக்கு மேற்கே. அப்பா இறந்தபோது நான் அழவில்லை. கொள்ளிக்குடம் உடைக்கும்போதும் அழவில்லை. குறளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், அது என்னை நிமிர்த்திப் பிடித்திருந்தது. காரியத்துக்கு முந்தின இரவு வழக்கம்போல ‘கர்ண மோட்சம்’ கூத்து வைத்தார்கள். எனக்கு விருப்பமில்லை, செலவு என்று சண்டைகூடப் போட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குக் கர்ணன் பொன்னுருவியிடம் விடைபெற்றுப் போர்க்களத்துக்குப் புறப்படுகிறான். கர்ணன் வேடம் கட்டியவர் எங்கள் அப்பாவோடு கரும்பு வெட்டியவர். கிரீடமும் புஜக்கட்டையும் வைத்துக்கொண்டு, கூத்தை நிறுத்திவிட்டு எங்கள் வரிசையைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொன்னார். ‘அவனும் இப்படித்தான் சொல்லாமல் புறப்பட்டான்’ என்றார். பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்று விடியும்வரை அழுதேன். குறள் தாங்கியது உண்மை. கூத்து இறக்கி வைத்ததும் உண்மை.


பாதிரிப்பூ

எல்லாருக்கும் தனித்தனியே பதில் எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், முடியவில்லை. இரவுப்பணி அக்கா, உங்கள் பதிவை அச்செடுத்து எங்கள் தெருவில் படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்தேன். அவர்கள் பஞ்சு வாங்கிக்கொண்டார்கள்.

ஆசிரியர் ஐயா சொன்ன ‘மன்னே’ என்னை விடவில்லை. சாவன்று என் அத்தை வைத்த ஒப்பாரி நினைவுக்கு வந்தது. அன்று அது எனக்கு இரைச்சலாகத்தான் கேட்டது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், வாழ்நாள் முழுக்கச் சைக்கிள்தான். அத்தை பாடியது இப்படி: ‘உன் சைக்கிள் மணி கேட்டால் சந்தே வழிவிடுமே, இனி எந்த மணி கேட்டு நான் கதவு திறப்பேனே.’ மையால் கறுத்த விரலைப் பாடினார், கீழ்வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் வாங்கிவரும் கடலை உருண்டையைப் பாடினார். ஔவை செய்ததைத்தான் ஐயா, எழுதப் படிக்கத் தெரியாத என் அத்தை என் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தார். நான் தேவாரப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு எந்தச் சொல்லும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன்.

போன ஞாயிறு அத்தையிடம் போய் அதை மறுபடியும் பாடுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். அடித்துவிடுவதுபோலப் பார்த்தார். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி எடுக்கக் கூடாது. கோயில் பக்கமும் கூடாது. எங்கேதான் பாடலாம் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடலோரம் என்றால் குற்றமில்லை என்றார்.

ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போனோம். தேவனாம்பட்டினம் அண்ணா, உங்கள் கரைதான். சுண்டல் விற்பவர்களையும் பட்டம் விடுபவர்களையும் தாண்டி, படகுகள் ஏற்றி வைத்திருக்கும் பக்கம் போய் உட்கார்ந்தோம். அத்தை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தொடங்கினார். அன்று பாடியது அப்படியே வரவில்லை. கடலை உருண்டை வந்தது, மைக்கறை வந்தது, புதிதாக அப்பாவின் மூக்குக் கண்ணாடி வந்தது. சைக்கிள் வரியில் தட்டிவிட்டது. ‘உன் சைக்கிள் மணி’ என்று இரண்டு முறை எடுத்தார், அதற்கு மேல் போகவில்லை. என் பக்கம் திரும்பினார்.

‘சந்தே வழிவிடுமே’ என்று நான் எடுத்துக்கொடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் பாடினார்.